மொட்டைமாடியில் ஒரு தில்லை

கல்கத்தாவில் பிறந்து, தமிழை வீட்டுக்குள்ளும் வங்காளத்தைத் தெருவிலும் பேசி வளர்ந்த என் வயதுக்காரர்களே, உங்களில் யாருக்கும் அந்த மழைக்காலம் மறந்திருக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் போர். இந்தப் பக்கம் ஊர் முழுக்கக் கண் நோய். அந்த நோய்க்குக்கூட ஊர்க்காரர்கள் வங்கதேசப் போராளிகளின் முழக்கமான ‘ஜொய் பாங்ளா’வையே பெயராக வைத்திருந்தார்கள். கரியாஹாட் நடைபாதையில் புடவை விற்றவர், சீப்பு விற்றவர் எல்லாரும் ஒரே வாரத்தில் கறுப்புக் கண்ணாடி விற்க ஆரம்பித்தார்கள். டிராமில் ஏறினால் கண்டக்டர் முதல் கடைசி இருக்கைக்காரர் வரை கறுப்புக் கண்ணாடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சில்லறை கொடுத்து வாங்கினோம்.

நீங்களும் அந்தக் கண்ணாடியைப் போட்டிருப்பீர்கள். ஒரு காது பக்கம் கீல் தளர்ந்து மூக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். என்னுடையது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கண் நோய் வேறு ஒரு கதையோடு சேர்ந்துகொண்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சந்து. மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். வீட்டுக்காரரின் மனைவியை நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுவோம். மேலே அப்பா, அம்மா, நான், சித்தி. அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. சிதம்பரத்தில் தாத்தா இறந்த பிறகு அம்மாதான் போய்க் கூட்டிவந்தாள். “இவளைப் படிக்க வெச்சு, ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கற வரைக்கும் எனக்கு மூச்சு விடற வேலை இல்ல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். சித்தி பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் படித்து முடித்து, அங்கேயே சின்னதாக ஒரு வேலையில் இருந்தாள்.

ஒரு முறை கல்லூரிக்காரர்களோடு கானிங் வரை ரயிலிலும் அங்கிருந்து படகிலும் போய் சுந்தரவனக் காட்டைப் பார்த்துவிட்டு வந்த சித்தி, கையில் ஈரச் சாக்கு சுற்றிய மூட்டை ஒன்றோடு படியேறினாள். முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. சாக்கைப் பிரித்தால் இரண்டு கன்றுகள். பளபளவென்று வழுவழுப்பான இலை. பார்த்தால் சாதுவான செடிதான்.

“என்னடி இது?”

“தில்லைக்கா.”

“எந்தத் தில்லை?”

“நம்ம தில்லை. ஊர்ப் பேரே இதோட பேருதான். இங்க கேவான்னு சொல்றாங்க. பிச்சாவரத்துல நெறைய இருக்காம். பொம்பளப் புள்ளைங்களை அங்க யாரு கூட்டிட்டுப் போனாங்க? நம்ம ஊர் மரத்தை இவ்வளவு தூரம் வந்து பாக்க வேண்டியிருக்கு.”

அம்மா முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கோயில் மரமாயிற்றே என்று. தொட்டுக் கும்பிடக் கையை நீட்டியபோது சித்தி அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். “தொடாதே. இதோட பாலு கண்ணுல பட்டா கண்ணே போயிடும். தோலுல பட்டாக் கொப்பளம்.” கும்பிட நீட்டிய கை அப்படியே நின்றது. அம்மாவுக்கும் அந்தச் செடிக்கும் ஆரம்பமே சரியில்லை.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெட்டிய மண்ணெண்ணெய் டின்கள் இரண்டில் சித்தி அவற்றை நட்டாள். சுற்றிலும் செங்கல் அடுக்கி, அதைத் தாண்டி நான் கால் வைக்கக் கூடாது என்றாள். செடிப் பக்கம் போகும்போது கைக்குத் தேங்காயெண்ணெய் பூசித் துணி சுற்றிக்கொள்வாள்; பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும். ஒரே ஒரு தரம், நான் நச்சரித்ததால், தூர நிற்கவைத்து இடுக்கியால் ஒரு இலையைக் கிள்ளிக் காட்டினாள். கிள்ளிய இடத்தில் ஒரு சொட்டு. கறந்த பால் மாதிரி வெள்ளை. அவ்வளவு சுத்தமான வெள்ளையில் கெடுதல் இருக்குமென்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

அப்பாவுக்கு அந்தச் செடிமேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போவார். கடலோரச் செடி, உப்புத் தண்ணீர் இல்லாமல் ஏங்குமே என்று ஒரு நாள் சாக்கு நிறையக் கல்லுப்பு வாங்கிவந்தார். சித்திக்கும் அப்போது அந்த எண்ணம்தான் இருந்தது. ஆனாலும் ஒரு டின்னுக்கு மட்டும் உப்பைக் கரைத்து ஊற்றினாள். இன்னொன்றுக்கு மழைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர். உப்பு குடித்த கன்று நாளுக்கு நாள் குறுகியது. கடைசியில் இலையெல்லாம் சிவந்து, ஒவ்வொன்றாக உதிர்ந்து, குச்சியாக நின்றது. வெறும் தண்ணீர் குடித்தது என் இடுப்பு உயரம் வளர்ந்து, பிறகு என்னையும் தாண்டியது.

அப்பா குற்றவாளிபோல நின்றார். “கடல் தண்ணியில நிக்குதுன்னு சொன்னியேம்மா?”

“நிக்குது மாமா. மத்த செடியெல்லாம் அங்க செத்துப் போயிடும், இது தாங்கிக்கும். தாங்கிக்கிதுங்கறதுக்காக அதுக்குப் பிடிக்கும்னு அர்த்தமில்ல.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த மழையில்தான் கண் நோய் வந்தது. முதலில் மாஷிமாவின் பெரிய பையனுக்கு. பிறகு வீட்டுக்காரருக்கு. பிறகு கீழ்வீடு முழுக்க. காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கும்; வெந்நீர் தொட்டுத் தொட்டுப் பிரிக்க வேண்டும். கல்கத்தா முழுக்க இதே கதை. ஆனால் மாஷிமாவுக்கு மாடியில் என்ன செடி இருக்கிறதென்று அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் செடியைத் தொட்டுவரும் காற்றுதான் கீழே இறங்கிக் கண்ணைக் கெடுக்கிறது என்று அவர் முடிவு கட்டினார்.

அப்பா தனக்குத் தெரிந்த வங்காளத்தில் எடுத்துச் சொன்னார்: “மாஷிமா, ஷியால்தாவிலிருந்து கரியா வரைக்கும் எல்லாருக்கும் வந்திருக்கே. அங்கெல்லாம் இந்தச் செடியா இருக்கு?”

“ஊருக்கு வந்தது வேறே. எங்களுக்கு வந்தது வேறே” என்றார் மாஷிமா. “ஓய் காச்டா ஃபேலே தாவ்.” அந்த மரத்தைத் தூக்கிப் போடு. துர்கா பூஜைக்குள் செடி போகவேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் போகவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். சந்தில் என்னோடு விளையாடுகிற பிள்ளைகள் விலகிப் போனார்கள். சித்தி நடந்துபோனால் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.

இதற்கு நடுவில் ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு வரன். இரும்புத் தொழிற்சாலையில் எஞ்சினியர், தமிழ்க் குடும்பம், லேக் மார்க்கெட் பக்கம் உறவினர் வீட்டுக்கு வருகிறார்கள், அப்படியே பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அம்மா வீட்டைக் கழுவித் துடைத்தாள். வருகிறவர்கள் காதில் மாடிச் செடி விஷயம் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்கு இரவும் பகலும் கவலை.

“தூக்கிப் போட்டுடேண்டி” என்று கெஞ்சினாள்.

“எங்கக்கா போடறது? தெருவுல போட்டா மாடு வாய் வைக்கும், புள்ளைங்க தொடும். எரிச்சாப் புகையும் கண்ணைக் கெடுக்கும். லீவு முடிஞ்சு காலேஜ் தொறந்ததும் அங்க கொண்டு போய் வெச்சிடறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ.”

“அதுக்குள்ள அவங்க வந்துடுவாங்களே!”

“வரட்டும்” என்றாள் சித்தி. அந்த ஒரு சொல்லை அம்மா திமிர் என்று எடுத்துக்கொண்டாள். இன்று யோசித்தால் அது திமிராகத் தெரியவில்லை, களைப்பு. ஆனால் அப்போது வீட்டில் இருந்த யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வாரமே சித்திக்கும் கண் சிவந்தது. ஊருக்கெல்லாம் வந்த அதே நோய்தான். ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தாள். மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு மத்தியானம். அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்தேன். வாயை மூடித் துண்டு கட்டியிருந்தாள். அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டிருந்தாள். பாதுகாப்பாகத்தான் போகிறோம் என்று அவள் நினைப்பு.

நான் பின்னாலேயே போய் மாடிக் கதவோரம் நின்றேன். அம்மா செங்கல்லைத் தாண்டி உள்ளே போய் வெட்ட ஆரம்பித்தாள். கிளை ஒவ்வொன்றாக விழுந்தது. அரிவாள் வாயில் பால் வழிந்தது. அவள் விரலிடுக்கில், மணிக்கட்டில், வளையலில் எல்லாம் வெள்ளை. “எங்க வீட்டுக்கு ஏன் வந்தே? உன்னை யாரு வரச் சொன்னா?” என்று செடியோடு பேசிக்கொண்டே வெட்டினாள். நெற்றி வியர்வை கண்ணாடிக்குள் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றினாள். புறங்கையால் இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்தாள்.

அடுத்த நொடி அரிவாள் தரையில் விழுந்த சத்தம். பிறகு அம்மாவின் அலறல். அதுவரை நான் கேட்டிராத குரல்.

நான் கூப்பிடுவதற்கு முன்பே சித்தி ஓடிவந்துவிட்டாள். வெயிலில் அவள் சிவந்த கண் திறக்கவே இல்லை. தடவிக்கொண்டே வந்தாள். “கையை எடு! தேய்க்காதே! அக்கா, கையைக் கீழ போடு!” என்று கத்தி, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தொட்டியோரம் சாய்த்தாள். தொட்டியில் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது. கார்ப்பரேஷன் தண்ணீர் சாயங்காலம்தான் வரும். சித்தி என் பக்கம் திரும்பி, “தண்ணி! எங்கேருந்தாவது கொண்டா!” என்றாள்.

நான் கீழே ஓடினேன். மாஷிமா சமையலறை வாசலில் உட்கார்ந்து மீன் செதிள் உரித்துக்கொண்டிருந்தார். “மாஷிமா, ஜல்! அம்மா கண்ணு…” என்றேன், பாதி வங்காளம், பாதி தமிழ். அவர் மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். குளிக்கும் அறையில் அவர்கள் சிமெண்ட் தொட்டி ஒன்று நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள். யாரும் ஒரு சொம்பு அதிகம் எடுத்தாலும் சத்தம் போடுவார். அந்தத் தொட்டியில் வாளியை முக்கி எடுத்துக்கொண்டு, மூட்டு வலியில் மூன்று மாதமாக மாடிப்படி ஏறாத மாஷிமா எனக்கு முன்னால் ஏறினார். பையனும் வாளியோடு வந்தான். வாளி மேலே போவதும் காலியாகக் கீழே வருவதுமாக இருந்தது. சித்தி அம்மாவின் இமையைப் பிரித்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கம் வழிகிறமாதிரி, நிறுத்தாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். “போதும்டி, எரியுதுடி” என்று அம்மா துடித்தபோதும் விடவில்லை. கீழ்வீட்டுத் தொட்டி காலியாகி அடிப்பாசி தெரிந்தது. மாஷிமா முக்காட்டை எடுத்து அம்மாவின் தலையடியில் வைத்துக்கொண்டு, “பயப்படாதே மா, பயப்படாதே” என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

கைரிக்‌ஷாவில் ஏற்றிக் கரியாஹாட் பக்கத்துக் கண் டாக்டரிடம் போனோம். அங்கே ஜொய் பாங்ளாக் கூட்டம் தெருவரை நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு, கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, ஆனால் ஆறும் என்றார். மருந்து போட்டு இரண்டு கண்ணையும் கட்டினார். “யார் கழுவியது?” என்று கேட்டார். சித்தி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. “கழுவாமல் கொண்டுவந்திருந்தால் என்னிடம் வந்து பயனில்லை” என்றார்.

அந்த நாட்களில் அம்மாவின் கை என் தோளில் இருந்தது. குளிக்கும் அறைக்கு, ஊஞ்சல் பலகைக்கு, ஜன்னலுக்கு. மீன்காரன் குரல், தூரத்து ரயில், கீழே மாஷிமா ஊதும் சங்கு எல்லாவற்றுக்கும் அவள் முகம் திரும்பும். சித்தி சமைத்தாள். சாம்பாரில் புளி தூக்கலாக இருக்கும். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். ஒரு சாயங்காலம் சித்தி அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் தரையில் குப்புறப் படுத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். என்னை மறந்துவிட்டார்கள்.

“எதுக்குக்கா வெட்டப் போனே?”

“உன்னை ஒருத்தரும் விஷக்காரின்னு சொல்லிடக் கூடாதுன்னுதான்.”

“சொல்றவங்க சொல்லட்டும். நீயும் அப்படி நினைச்சியா?”

சீப்பு சிக்கில் மாட்டி நின்றது. அம்மா கேட்டாள்: “உனக்கு என்னதாண்டி வேணும்?”

சித்தி அழ ஆரம்பித்தாள். “இதை இவ்வளவு நாள் ஒரு தடவைகூட நீ கேட்டதில்லியேக்கா” என்றாள். கானிங்குக்கு அப்பால் தீவு ஒன்றில் சேற்றுக் காட்டை ஆராய ஆள் எடுக்கிறார்கள் என்றும், அவளுடைய பேராசிரியர் போகச் சொல்லி மாதக்கணக்காகிறது என்றும், வரன் தேடி அலைகிற அக்காவிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்ததாகவும் சொன்னாள். அம்மா கட்டுப் போட்ட முகத்தை அவள் பக்கம் திருப்பி, தடவித் தேடி, அவள் கன்னத்தைக் கண்டுபிடித்தாள்.

ஜாம்ஷெட்பூர்க்காரர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள். தடுக்க நேரமில்லை. அந்தப் பெண் பார்க்கும் வைபவத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும். கல்கத்தாவில் இறங்கிய இரண்டாம் நாளே அவர்களுக்கும் கண் நோய் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர் மாமா மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடி. சித்திக்கும் கறுப்புக் கண்ணாடி. எனக்கும் அப்பாவுக்கும் அதற்குள் தொற்றியிருந்தது. எங்களுக்கும் கறுப்புக் கண்ணாடி. அம்மாவுக்கோ இரண்டு கண்ணிலும் கட்டு. பெண்ணை யார் பார்த்தார்கள், மாப்பிள்ளையை யார் பார்த்தார்கள் என்று சிவனுக்குத்தான் தெரியும்.

“உங்களுக்கும் ஜொய் பாங்ளாவா?” என்று மாப்பிள்ளையின் அம்மா அம்மாவைக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஊரில் எல்லாருக்கும் இருக்கிற நோய். அப்பாவே அம்மாவின் கையை லேசாக அழுத்தினார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இல்லீங்க. என் தங்கச்சி மாடியில தில்லை வளத்தா. பொல்லாத விஷம். அவ பத்திரமாத்தான் வளத்தா. நான் தெரியாம வெட்டப் போயிக் கண்ணைக் கெடுத்துக்கிட்டேன். அவ இல்லேன்னா எனக்கு இன்னிக்குக் கண்ணே இருக்காது.”

காப்பித் தம்ளர்கள் அப்படியே நின்றன. “விஷச் செடியையா? வீட்டுலயா? கல்யாணம் ஆகி வர்ற இடத்துலயும் வளப்பாளா?” என்றார் அந்த அம்மாள்.

“அதை அவளைத்தான் கேக்கணும்” என்றாள் என் அம்மா. “இனிமே அவ விஷயத்தை அவதான் சொல்வா.”

சித்தி மெல்ல, மரியாதையாக, சேற்றுக் காட்டு வேலைக்குப் போக விரும்புவதாகச் சொன்னாள். அவர்கள் எழுந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் நின்று அம்மாவிடம், “இப்ப வலி எப்படி இருக்குங்க?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்துபோன அத்தனை பேரில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரை அன்று நான் எதிரியாகப் பார்த்தேன். சித்தி பல ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னாள்: “நல்ல மனுஷன்தான்டி. ஆனா என் கேள்வி அது இல்லையே.”

கட்டுப் பிரித்த அன்று அம்மாவுக்கு முதலில் எல்லாம் பனிமூட்டம் போலத் தெரிந்தது. பிறகு தெளிந்தது. மாஷிமா வந்து அவள் முகவாயைப் பிடித்து இரண்டு கண்ணையும் பார்த்துத் திருப்தியானார். சந்து முழுக்கச் சித்தியின் புகழ் பாடினார். ஆனால் ஒரு விஷயத்தில் இறங்கிவரவில்லை: “பெண் இருக்கட்டும். செடி போகட்டும்.” நடந்தது வேறு. இரண்டும் சேர்ந்தே போயின. வெட்டிய அடிக்கட்டையில் சிவப்பாகத் துளிர் விட்டிருந்தது. அதை அது பிறந்த சேற்றிலேயே நட்டுவிடுவதாகச் சித்தி சொன்னாள். அவள் அந்தத் தீவுகளில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தாள் என்பதும், அங்கேயே ஒரு பள்ளி வாத்தியாரைத் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதும், அம்மா அந்தக் கல்யாணத்துக்குப் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே போனாள் என்பதும் பின்கதை.

துர்கா பூஜை முடிந்து பந்தல் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பாலிகஞ்ச் ஸ்டேஷனில் கானிங் லோக்கலுக்கு நின்றோம். அப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டார். சாக்கு சுற்றிய டின்னை அம்மா யாரிடமும் கொடுக்காமல் தானே இடுப்பில் வைத்திருந்தாள். வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் மூச்சுவிட இடமில்லை; கூடைக்காரிகள் வாசலை அடைத்து நின்றார்கள். கல்கத்தாவில் அத்தனை வருடம் இருந்தும் கடைத்தெரு தாண்டி வங்காளம் பேசாத என் அம்மா, டின்னை முன்னால் நீட்டி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: “ஷாப்தான்! பிஷ்! பிஷ் காச்!” ஜாக்கிரதை, விஷ மரம்.

பெட்டி இரண்டாகப் பிளந்தது. சித்தி நடுவில் நடந்துபோய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடமும் காலி. அவள் காலடியில் டின்னை வைத்துவிட்டு இறங்கிய அம்மாவும் ஜன்னலுக்குள் இருந்த சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வண்டி கிளம்பியதே தெரியவில்லை.

வண்டி மறைந்த பிறகு அம்மா பிளாட்பாரக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

அப்பா நேரே ஆபீஸ் போய்விட்டார். நானும் அம்மாவும் லேக் மார்க்கெட்டுக்குப் போக ஸ்டேஷன் வாசலில் டிராம் ஏறினோம். காலை வெயில் மரப் பலகை இருக்கையில் விழுந்திருந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“நீ பெரியவளாகி என்னடி பண்ணப் போறே?”

என்னை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. “தெரியலம்மா” என்றேன்.

“யோசிச்சுச் சொல்லு” என்றாள் அம்மா. சும்மா சொல்லவில்லை. கரியாஹாட் வந்து, கூட்டம் ஏறி இறங்கி, மணியடித்து டிராம் மறுபடி நகர்ந்த பிறகும், பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.